தேசிக்காய்க்குப் பொங்காத கல்

சென்ற கோடையில் தங்கச்சியின் மகனைக் கூட்டிக்கொண்டு படுவான்கரைப் பக்கம் ஒரு குகை பார்க்கப் போனேன். பையில் டோர்ச் லைட் இரண்டு, தண்ணீர்ப் போத்தல், சோற்றுப் பார்சல். அவற்றோடு ஒரு தேசிக்காயும், பழைய வீட்டு அத்திவாரத்திலிருந்து உடைந்து விழுந்த முருகைக்கல் துண்டு ஒன்றும். தேசிக்காய் எதற்கு என்று அவன் மூன்று தரம் கேட்டான். "குகைக்குப் போய்ச் சொல்றன்" என்று இழுத்தடித்தேன்.

மட்டக்களப்பு வாவியைத் தாண்டி மேற்கே போனால் வயல் வட்டைகளுக்கு நடுவே மொட்டைக் கற்கள் திடீர் திடீரென்று எழும்பி நிற்கும். சில யானை முதுகு மாதிரி இருக்கும். சில, யாரோ நெல் மூட்டைகளை அடுக்கிவிட்டு மறந்து போனது மாதிரி ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும். தாந்தாமலை முருகன் கோயிலுக்குப் போனவர்கள் இப்படியான கற்களை நடந்தே பார்த்திருப்பார்கள். குடும்பிமலை இந்தக் கூட்டத்தில் மூத்தது. 500 மீற்றருக்கு மேல் உயரம், தூரத்திலிருந்து பார்த்தால் முடிந்த குடும்பியேதான். நாங்கள் போனது அவ்வளவு பெயர் பெற்ற இடத்துக்கு அல்ல. அடிவாரத்தில் மாட்டுப் பட்டி வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் காட்டிய சின்னக் கல் அது.

அதைக் குகை என்று சொல்வது கொஞ்சம் கூடுதல் மரியாதைதான். வாசல் இடுப்பளவு. குனிந்து நுழைந்தால் உள்ளே ஒரு ஆள் நிமிர்ந்து நிற்கலாம், பத்து எட்டு வைத்தால் பின்சுவர் வந்துவிடும். "உள்ளுக்குப் போக முதல் சத்தம் குடு மனே. கரடி கிடந்தா அது வெளிய வர வழி விட்டு நில்லு" என்றார் பெரியவர். சத்தம் கொடுத்தோம். இரண்டு வௌவால்கள்தான் வெளியே வந்தன.

உள்ளே போனதும் பிள்ளை டோர்ச்சைக் கூரைக்கு அடித்தான். சுவருக்கு அடித்தான். மறுபடி கூரைக்கு அடித்தான். முகம் வாடிவிட்டது.

"மாமா, தொங்குற கல்லெல்லாம் எங்க?"

குகை என்றால் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது அந்தப் படம்தான். கூரையிலிருந்து ஆலம் விழுது மாதிரித் தொங்கும் கல், அதை எட்டிப் பிடிக்கத் தரையிலிருந்து எழும்பும் இன்னொரு கல். குகை எப்படி உண்டாகிறது என்று எங்கே தேடிப் படித்தாலும் அந்தக் குகையின் கதைதான் முதலில் வரும். அது சுண்ணாம்புக்கல்லின் கதை. கிழக்கில் நம் காலடியில் இருப்பது வேறு கல், அதற்கு வேறு கதை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் இரண்டும் விளங்கும்.

முதலில் சுண்ணாம்புக்கல். மழைத்துளி விழும்போது காற்றிலுள்ள காபனீரொட்சைட்டில் கொஞ்சத்தைக் கரைத்துக்கொண்டு வருகிறது. தண்ணீரும் காபனீரொட்சைட்டும் சேர்ந்தால் மெல்லிய அமிலம். சோடாப் போத்தலுக்குள் இருப்பதும் அதே சங்கதிதான், அங்கே மிக மிகக் கூட. மழைநீர் நிலத்துக்குள் இறங்கும்போது இன்னும் கொஞ்சம் புளிக்கிறது. ஏனென்றால் மண்ணுக்குள் வேர்களும் நுண்ணுயிர்களும் மூச்சு விடுகின்றன. வெளிக்காற்றில் இருப்பதைவிடப் பல மடங்கு காபனீரொட்சைட்டு மண்ணின் இடுக்குகளில் அடைந்து கிடக்கிறது.

இந்தப் புளித்த தண்ணீர் சுண்ணாம்புக்கல்லின் மயிரிழை வெடிப்புக்குள் புகுகிறது. சுண்ணாம்புக்கல் என்பது கல்சியம் காபனேற்று, அமிலத்துக்கு நின்று பிடிக்காத பொருள். தண்ணீர் அதைக் கரைத்து எடுத்துக்கொண்டு கீழே போகிறது. அடுத்த மழைக்கு வெடிப்பு ஒரு துளி அகலம் கூடியிருக்கும். அகலம் கூடினால் அதிகத் தண்ணீர் போகும், அதிகம் கரையும். முதலில் விரல் நுழையும், அப்புறம் கை நுழையும், பல ஆயிரம் ஆண்டு போனால் ஆளே நுழையலாம். நிலத்தடி நீர்மட்டம் ஒரு காலத்தில் கீழே இறங்கும்போது தண்ணீர் நிரம்பி இருந்த குடைவு வெற்றிடமாகி, காற்றுள்ள குகையாகிறது.

சரி, தொங்கும் கல் எங்கிருந்து வருகிறது? இதற்கு யாழ்ப்பாணத்துக் கேத்தல் ஒன்றை நினைத்துப் பாருங்கள். அங்கே சொந்தக்காரர் வீட்டில் நின்றவர்களுக்குத் தெரியும், கேத்தலின் அடியில் வெள்ளையாகக் காறை பிடித்திருக்கும். கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக்கல்லைக் கரைத்துக்கொண்டு வந்த தண்ணீர். கொதிக்க வைத்தால் காபனீரொட்சைட்டு பறந்துவிடும். அது போனதும் சுண்ணாம்பால் தண்ணீருக்குள் கரைந்து நிற்க முடியாது, அடியில் படிந்துவிடும். குகைக் கூரையில் நடப்பதும் இதே வேலைதான், நெருப்பு மட்டும் இல்லை. கல்லுக்குள்ளிருந்து கசிந்து வந்த துளி கூரையில் தொங்கும்போது அதிலுள்ள காபனீரொட்சைட்டு குகைக் காற்றுக்குள் கழன்று போகிறது. துளி விழுவதற்குள் துளியூண்டு சுண்ணாம்பைக் கூரையில் ஒட்டிவிட்டுப் போகிறது. மிச்சம் தரையில் விழுந்து அங்கேயும் ஒட்டுகிறது. மேலே தொங்குவது கல்விழுது, கீழே முளைப்பது கல்முளை. வளரும் வேகம் இடத்துக்கு இடம் மாறும், ஆனால் பொதுவாக ஆண்டுக்கு 0.1 மில்லிமீற்றர் அளவில்தான். ஆயிரம் ஆண்டுக்கு ஒரு சாண்கூட வராது. ஞாபகத்துக்கு என்று அதை முறித்துக்கொண்டு வருகிறவர்களைப் பற்றி நான் இங்கே எழுதப் போவதில்லை, எழுதினால் மரியாதையாக வராது.

இப்போது தேசிக்காய். குகை வாசலில் ஒரு தட்டைக் கல்லில் முருகைக்கல் துண்டை வைத்து, அதன் முறிந்த பக்கத்தைக் கொஞ்சம் சுரண்டித் தூளாக்கி, தேசிக்காயைப் பிழிந்தோம். சின்னச் சின்னக் குமிழி பொங்கியது. முருகைக்கல் கடலில் உயிர்கள் கட்டிய சுண்ணாம்பு. அதனால்தான் முன்பு அதைச் சூளையில் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்தார்கள். தேசிக்காயின் அமிலம் பட்டதும் உள்ளே இருந்த காபனீரொட்சைட்டு குமிழியாக வெளியேறுகிறது. மறுகா, குகைக்குள் விழுந்து கிடந்த ஒரு சல்லிக்கல்லை எடுத்து, அதையும் சுரண்டி, மிச்சத் தேசிக்காயில் பாதியைப் பிழிந்தோம். ஒன்றும் இல்லை. நனைந்த கல் நனைந்த கல்லாகவே இருந்தது.

"இது பொங்குதில்ல மாமா."

பொங்காது. கிழக்கு மாகாணத்தின் பெரும்பகுதிக்கு அடியில் கிடப்பது புவியியலாளர்கள் விஜயன் தொகுதி என்று சொல்லும் பழைய பாறை. ஏறத்தாழ 100 கோடி ஆண்டுகளுக்கு முன் உருவான கல், பிறகு நிலத்துக்குள் பல கிலோமீற்றர் ஆழத்தில் சூட்டிலும் அழுத்தத்திலும் பிசையப்பட்டு உருமாறியது. உடைத்த பக்கத்தைப் பார்த்தால் கறுப்பும் வெள்ளையும் மங்கிய ரோசாவும் பட்டை பட்டையாக ஓடும். நாம் எல்லாவற்றையும் கருங்கல் என்றே சொல்லிவிடுகிறோம். ஒப்பிட்டால் யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் நேற்றுப் பிறந்தது. சுமார் 2.3 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய மயோசீன் காலத்தில் கடலடியில் படிந்தது. புத்தூர்ப் பக்கம் இருக்கும் நிலாவரைக் கிணறு அந்தக் கல் கரைந்து, மேல்தளம் இடிந்து உண்டான பள்ளம்தான். தென்பகுதியில், எம்பிலிப்பிட்டிப் பக்கம் இருக்கும் வவுல்பனைக் குகையும் சுண்ணாம்புக்கல் சார்ந்தது. தொங்கும் கல் பார்த்தே தீரவேண்டும் என்றால் அங்கே போகவேண்டும். சிங்களத்தில் வவுலா என்றால் வௌவால், பெயரைக் கேட்டதுமே உள்ளே யார் குடியிருக்கிறார்கள் என்று நமக்கும் விளங்கிவிடும்.

ஆக, நம் கல் கரையாது. அப்படியானால் அதற்குள் ஒரு ஆள் நிற்கும் இடம் எப்படி வந்தது? பிள்ளை இதைக் கேட்டபோது நான் பாடம் நடத்த வாயைத் திறந்தேன். பெரியவர் முந்திக்கொண்டார். "கல்லும் உக்கும் மனே. மரம் உக்கிறதுக்குப் பத்து வரிசம் எண்டா, கல் உக்கிறதுக்கு எண்ணிக்கை இல்லை."

உக்குதல். இதைவிட நல்ல சொல் எனக்குக் கிடைக்கவில்லை. புத்தகத்தில் வானிலையாலழிதல் என்று இருக்கும், படிக்கிற பிள்ளைக்கு அந்தச் சொல்லே ஒரு கருங்கல்.

முதலில் வெடிப்பு. பல கிலோமீற்றர் ஆழத்தில் நசுங்கிக் கிடந்த கல் அது. அதற்கு மேலே இருந்த பாரமெல்லாம் கோடிக்கணக்கான ஆண்டுகளில் அரிபட்டுப் போனது. பாரம் நீங்கியதும் கல் கொஞ்சம் விரிகிறது. விரியும்போது மேற்பரப்புக்கு இணையாக, வெங்காயத்தின் தோல் மாதிரி, தகடு தகடாகப் பிளக்கிறது. இதைத் தவிர நெடுக்கும் குறுக்குமாக வேறு வெடிப்புகளும் இருக்கும். கல்லுடைக்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், கல்லின் ஓட்டம் பார்த்துத்தான் உளி வைப்பார்கள். கண்ட இடத்தில் அடித்தால் கைதான் நோகும். அவர்கள் பார்க்கும் அதே ஓட்டத்தைத் தண்ணீரும் பார்க்கிறது.

கருங்கல்லில் முக்கியமாக மூன்று பொருள்கள். கண்ணாடி மாதிரி மினுங்கும் படிகக்கல், வெள்ளையோ ரோசாவோ ஆன பெல்ஸ்பார், கறுத்து மினுங்கும் மைக்கா, அதாவது நம் காக்காப்பொன். வெடிப்புக்குள் இறங்கிய தண்ணீர் படிகக்கல்லை ஒன்றும் செய்யாது. பெல்ஸ்பாரை மெல்ல மெல்லக் களியாக மாற்றிவிடும். மீட்டியாகொடையிலும் பொரலஸ்கமுவையிலும் வெட்டி எடுக்கிற வெள்ளைக் களி, பீங்கான் கோப்பை செய்கிற களி, இப்படி உக்கிய பெல்ஸ்பார்தான். கறுப்பு மைக்கா தண்ணீர் குடித்துக் கொஞ்சம் வீங்கி, பக்கத்து மணிகளை நெம்பித் தள்ளும். பெல்ஸ்பார் இளகி, மைக்கா வீங்கினால், நடுவில் இருக்கும் படிகக்கல்லுக்குப் பிடிமானம் இல்லை. மணலாக உதிர்ந்துவிடும். களியை மழை கொண்டு போகும், மணலை ஓடையும் ஆறும் உருட்டிக்கொண்டு போகும். கல்லடிக் கடற்கரையில் காலில் ஒட்டுகிற மணலில் இப்படி ஏதோ ஒரு மலை உக்கி வந்த படிகக்கல் மணிகள் நிறைய இருக்கும்.

இனிக் குகை. ஒரு புதுச் சவர்க்காரக் கட்டியைத் தண்ணீர் படும் இடத்தில் வைத்துவிட்டு ஒரு வாரம் கழித்துப் பாருங்கள். முதலில் தேய்ந்திருப்பது மூலைகள். மூலைக்கு மூன்று பக்கமும் தண்ணீர் படும், விளிம்புக்கு இரண்டு பக்கம், நடுத்தளத்துக்கு ஒரு பக்கம்தான். வெடிப்புகள் கல்லைப் பெரிய பெரிய கட்டிகளாக வெட்டிப் போட்டிருக்கின்றன அல்லவா, நிலத்துக்கடியில் அந்தக் கட்டிகளுக்கும் இதுதான் நடக்கிறது. மூலை உக்கி, விளிம்பு உக்கி, நடுவில் மிஞ்சுவது உருண்டைக் கல். உருண்டைகளுக்கு இடையில் உக்கிப்போன மண். பிறகு ஒரு காலத்தில் மேல்மண் அரிபட்டு இந்தக் கூட்டம் வெளியே தெரிய வரும்போது, இடையில் இருந்த மண்ணும் கழுவுண்டு போகிறது. உருண்டைகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்கின்றன. அந்த இடைவெளிதான் குகை. வயல்வெளியில் மூட்டை அடுக்கினது மாதிரி நிற்கும் கற்களை யாரும் அடுக்கவில்லை. அவை அந்தந்த இடத்திலேயே இருந்தன, சுற்றியிருந்ததுதான் போய்விட்டது. எனக்கு இந்த விசயம் விளங்கிய நாளிலிருந்து அந்தக் கற்களை முன்பு பார்த்த மாதிரிப் பார்க்க முடியவில்லை.

நாங்கள் போன குகை இந்த வகையோடு இன்னொன்றும் கலந்தது. பின்சுவரும் கூரையும் ஒரே பெரிய கல், உள்ளே குழிந்த கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்தது மாதிரி. பிள்ளையிடம் கூரையை விரலால் மெல்லத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். விரலில் சொரசொரப்பாக மணல் ஒட்டியது. காலுக்குக் கீழேயும் அதே பரும்மணல். வெயில் படும் மேற்பக்கம் மழை நின்றதும் காய்ந்துவிடும். நிழலான அடிப்பக்கம் ஈரத்தை அதிக நேரம் வைத்திருக்கும். ஈரம் நிற்கிற இடத்தில்தான் உக்கல் கூட. அதோடு, கல்லுக்குள் கசியும் நீரிலும் காற்றிலும் வரும் உப்பு, காயும்போது பளிங்காகி மணிகளை நெம்பும். இப்படி ஒரு சின்னக் குழி தொடங்கினால் அந்தக் குழிக்கு இன்னும் நிழல், இன்னும் ஈரம், இன்னும் உக்கல். குழி தன்னைத் தானே வளர்க்கும். அவசரம் கிடையாது. மொட்டைக் கருங்கல் பொதுவாக ஆயிரம் ஆண்டில் சில மில்லிமீற்றர் அளவில்தான் தேயும்.

இதே வேலையின் தொடக்கத்தைத் தலைகீழாகப் பார்க்க உகந்தைக்குப் போகலாம். அம்பாறை மாவட்டத்தின் தென்கோடியில், கதிர்காமத்துக்கு நடந்து போகிறவர்கள் காட்டுக்குள் இறங்க முன் தங்கும் இடம். அங்கே மலையின் மேல் கல்லிலேயே சுனைகள் இருக்கின்றன. கோயில் கதை அவற்றுக்குத் தனியே உண்டு, அதில் நான் கைவைக்கவில்லை. கல்லின் கதைப்படி, மட்டமான பாறையில் ஒரு சிறு பள்ளம் இருந்தால் அங்கே மழைநீர் தேங்கும், தேங்கிய இடம் உக்கும், உக்கிய தூளை அடுத்த மாரி வழித்துக்கொண்டு போகும், பள்ளம் ஆழமாகும். கூரையில் நடந்தால் குகை, தரையில் நடந்தால் சுனை. உகந்தைக் கடற்கரைப் பாறைகளில் அலை வேறு வந்து மோதுகிறது. கடலோரங்களில் அலையே வெடிப்பைக் குடைந்து குகையாக்கும் இடங்கள் உலகில் நிறைய உண்டு. எரிமலைக் குழம்பு ஓடி வெறுமையான குழாய்க் குகை என்று இன்னொரு வகையும் உண்டு, எரிமலை இல்லாத நமக்கு அது வேண்டாம்.

நம் பக்கத்துக் குகைகளில் மனிதர்கள் கை வைத்ததும் உண்டு. அம்பாறை மாவட்டத்தில் ராஜகல, குடும்பிகல போன்ற பழைய துறவி மடங்களுக்குப் போனால் குகை வாசலின் நெற்றியில் நீளமாக ஒரு வெட்டு ஓடுவதைப் பார்க்கலாம். பலர் அதை அலங்காரம் என்று நினைத்துவிடுகிறார்கள். மழைநீர் கல்லின் முதுகு வழியே வழிந்து வந்து, விளிம்பில் விழாமல், ஒட்டிக்கொண்டே கூரையின் அடிப்பக்கம் வழியாக உள்ளே ஓடிவிடும். தேத்தண்ணி ஊற்றும்போது கேத்தல் மூக்கிலிருந்து விழாமல் அடிவழியாக வடிகிற அதே தொல்லை. நெற்றியில் ஒரு வெட்டு வெட்டினால் தண்ணீர் அந்த விளிம்பில் அறுந்து வெளியே விழும். குகை காய்ந்து கிடக்கும், உக்கலும் குறையும். 2,000 ஆண்டுகளுக்கு முன்பு யாரோ ஒருவர் மாரியில் நனைந்து, மேலே அண்ணாந்து பார்த்து இதைக் கண்டுபிடித்திருக்க வேண்டும். அந்த வெட்டுக்குக் கீழேதான் குகையைத் தானம் செய்தவர்களின் பெயர்களைப் பிராமி எழுத்தில் வெட்டியிருக்கிறார்கள். அம்பாறை மாவட்டத்துக் குடுவில் கல்வெட்டில் தீகவாபி வணிகர்களோடு ‘தமேட’ என்ற சொல்லும் வருகிறது. தமிழரைக் குறிக்கும் சொல் அது என்பது ஆய்வாளர்கள் கருத்து.

இன்னும் இரண்டு விசயம் சொல்லிவிடுகிறேன், போகிற எல்லோரும் கேட்பவை. கல்லின் மேலிருந்து வாசல் வரைக்கும் கறுப்புக் கறுப்பாக வழிந்திருப்பது புகை அல்ல. மழைநீர் வழிகிற தடத்தில் கண்ணுக்குத் தெரியாத பாசியும் நுண்ணுயிரும் வளர்ந்து காய்ந்த நிறம். அதைப் பார்த்தாலே மாரியில் தண்ணீர் எந்த வழி வரும் என்று சொல்லிவிடலாம். அடுத்தது, உள்ளே ஏன் குளிர்கிறது என்பது. கச்சான் காற்று அடிக்கிற பகலில் உள்ளே நுழைந்தால் ஏதோ ஏசி போட்ட மாதிரி இருக்கும். தடித்த கல் மெதுவாகத்தான் சூடேறும், மெதுவாகத்தான் ஆறும். வெளியே கொதிக்கும்போது கல் இன்னும் நேற்று இரவில் இருக்கிறது, அவ்வளவுதான். பொழுது பட்ட பிறகு வந்து பாருங்கள், வெளியைவிட உள்ளேதான் புழுங்கும்.

போகிறவர்களுக்கு: தனியே போகாதீர்கள், ஊர்க்காரர் ஒருவரை முன்னால் விடுங்கள். கரடி ஒரு பயம் என்றால், பாறை விளிம்பில் தொங்கும் பெருந்தேனீக் கூடு அதைவிடப் பெரிய பயம், அங்கே சத்தமும் புகையும் கூடாது. வௌவால் எச்சம் காய்ந்து கிடந்தால் காலால் கிளறாதீர்கள், அந்தத் தூசிக்குள் நுரையீரலைப் பிடிக்கும் பூஞ்சை இருக்கலாம். சண்டை நடந்த காடுகளில் மிதித்த பாதையை விட்டு விலக வேண்டாம், தெரியாத இரும்பைத் தொடவும் வேண்டாம். பழைய எழுத்தோ வெட்டோ உள்ள குகை என்றால் அது தொல்பொருள் திணைக்களத்தின் பொறுப்பில் உள்ளது. அங்கே உங்கள் பெயரை எழுதினால் சட்டப்படி குற்றம். பெரும் மழைக்குப் பிறகு உடனே போகாமல் இருப்பதும் நல்லது, ஈரத்தில் இளகிய தகடு எப்போது கழரும் என்று தெரியாது.

கடைசியாகச் சொன்னதைப் பிள்ளை விடவில்லை. வாசல் பக்கம் கிடந்த பாய் அளவு கல்லைக் காட்டி, இது எங்கிருந்து வந்தது என்று கேட்டான். மேலே பார்க்கச் சொன்னேன். கூரையில் அதே அளவில், அதே வடிவில், மற்ற இடத்தைவிட வெளுப்பாக ஒரு தழும்பு இருந்தது. குகை இப்படித்தான் பெரிதாகிறது, கூரை கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே வருகிறது, கீழே வந்ததை உக்கலும் மழையும் வெளியே கொண்டு போகின்றன என்று சொன்னேன். தழும்புக்குப் பக்கத்தில் இன்னொரு தகட்டின் விளிம்பில் மெல்லிய வெடிப்பு ஒன்று ஓடியது. டோர்ச்சை அதன் வழியே முனையிலிருந்து முனை வரைக்கும் ஓட்டிப் பார்த்தான். அது முடிந்த இடத்துக்கு நேர் கீழேதான் நாங்கள் சோற்றுப் பார்சலைப் பிரித்து வைத்திருந்தோம்.

ஒன்றும் பேசாமல் பார்சலை மடித்து எடுத்துக்கொண்டு வெளியே போனான். பெரியவர் மர நிழலில் இருந்தபடி, மிச்சமிருந்த பாதித் தேசிக்காயைத் தண்ணீரில் பிழிந்து உப்புப் போட்டுக் கலக்கிக்கொண்டிருந்தார்.